பென்சிலில் பதினொன்று

கவுஞ்சி தாண்டிக் கடைசி வளைவில்
பஸ் என்னை இறக்கிவிடும்போது
பள்ளிக்கூடம் இன்னும் மேகத்துக்குள் இருக்கும்.
முதலில் கொடிக்கம்பம் வெளியே வரும்,
பிறகு தண்ணீர்த் தொட்டி,
அப்புறம் குழந்தைதெரசு டீச்சரின் குடை.
அவர் தலைமையாசிரியர்.
மற்ற ஆசிரியர்கள் அனைவரும் நான்.

ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை.
நடுவில் சாக்பீஸ் கோடு.
இந்தப் பக்கம் கழித்தல்,
அந்தப் பக்கம் ஆடு, இலை.
கோடு அழிந்த நாட்களில்
ரெண்டாம் வகுப்பு
இலையிலிருந்து ஏழைக் கழிக்கும்.

மானியம் தலைக்கணக்கில் வரும்.
எங்கள் தலைகளுக்கு வந்தது
ஒரு பூட்டு, இரண்டு துடைப்பம், சுண்ணாம்பு,
கூரைக்கு ஒரு தகரம்.
தகரத்தை ஆடிக்காற்று
மொக்கைச்சாமி தோட்டத்துக்குக் கொண்டுபோனது.
'வந்து எடுத்துக்கங்க டீச்சர்,
நசுங்குன கேரட்டுக்கு மட்டும் காசு குடுங்க' என்கிறார்.
நசுங்கிய கேரட்டுக்கு
மானியத்தில் தலைப்பு இல்லை.

சுற்றறிக்கை வந்தது.
ஆகஸ்ட் முதல் தேதி எண்ணுவார்கள்.
பதினொன்று என்றால் இருவர்.
பத்து என்றால் ஒருவர் உபரி.
எங்களிடம் சரியாகப் பதினொன்று.
காய்ச்சல் யாருக்கு வந்தாலும்
முதலில் எனக்குத்தான் வேர்த்தது.

ஜூலை கடைசி செவ்வாய்
சபரிவாசனின் அப்பா டி.சி. கேட்டு வந்தார்.
மஞ்சள் வேன் இப்போது அவர்கள் வாசல்வரை வருகிறதாம்.
'கோவிச்சுக்காதீங்க டீச்சர்,
அங்க டை கட்டி விடுறாங்க.'
நன்னடத்தை: நன்று என்று
நானே எழுதிக் கொடுத்தேன்.
கொடைக்கானலில் என் மகள் எந்தப் பள்ளி என்று
அவர் கேட்கவில்லை.
திரும்பும் பஸ்ஸில்
கேட்காத கேள்விக்கு
மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றும் சரியில்லை.

முதல் தேதி ஜீப் வந்தது.
வட்டாரக் கல்வி அலுவலர் சளியோடு இறங்கினார்.
பதிவேட்டைப் பார்த்தார், பத்து.
பெஞ்சைப் பார்த்தார்.
விரல் நீட்டி மெதுவாக எண்ணினார்.
பதினொன்று.

கடைசி வரிசையில்
அக்காவின் பழைய சீருடையில்
கை தெரியாமல் ஒருத்தி.
அங்கன்வாடியில் இருக்க வேண்டிய மிதுலா.
சத்தியமாக நாங்கள் வரச் சொல்லவில்லை.
'எந்த வகுப்பும்மா?'
அவள் எழுந்து நின்றாள்,
கைகட்டினாள், சட்டைக் கை மட்டும் தொங்கியது.
'நான் ஒக்காரலேன்னா
சின்ன டீச்சர் வரமாட்டாங்கன்னு
அக்கா சொல்லுச்சு சார்.'

சத்துணவுக் கூடத்தில் கரண்டி விழுந்தது.
தெரசு டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் மேகம்தான் இருந்தது.
நான் கரும்பலகைக் கோட்டை
இன்னொரு தரம் போட்டேன்,
அது ஏற்கெனவே அழுத்தமாகத்தான் இருந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
'எப்போ அஞ்சு முடியுது?'
'வைகாசியில சார்' என்றாள் அக்கா.
பேனாவைப் பையில் செருகினார்.
அக்காவிடமே பென்சில் வாங்கி
ஏதோ எழுதினார்.
தலைகீழாக நான் பார்த்ததில்
அது பதினொன்று போலத்தான் இருந்தது.
ஒன்றுக்குப் பின்னால் ஒன்று.
ஆனால் பென்சில்.
ஜீப் வரை போய்த் திரும்பிவந்து
பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம்
யூக்கலிப்டஸ் தோப்புக்கு மேலே
சிக்னல் பாறையில் ஏறி
வருகைப்பதிவை அனுப்ப நின்றேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
கீழே மஞ்சள் வேன்
சபரிவாசனை இறக்கிவிட்டுத் திரும்பியது.
அவன் என்னைப் பார்த்துக் கை காட்டினான்.
கழுத்திலிருந்ததைக் கழற்றி
அதையும் ஆட்டிக் காட்டினான்.

கடைசி பஸ் ஆறு பத்துக்கு.
வட்டம் இன்னும் சுற்றுகிறது.